திரையின் வலது மூலை

யாராவது கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யத் தொடங்கினால், அவர் நாற்காலியோடு திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். தலையை மட்டும் திருப்பிக்கொள்வது அவருக்குப் போதாது. சக்கரம் வைத்த அந்த நாற்காலி கிரீச்சிட்டபடி அரைவட்டம் சுற்றி நிற்கும். "அடிங்க சார், நான் சுவரப் பாத்துனு இருக்கேன்" என்பார். அந்தச் சுவரில் ஒரு நாட்காட்டியும் ஒரு பல்லியும் தவிர வேறெதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஒருமுறை வணிகவியல் பேராசிரியர் ஒருவர் தம் கடவுச்சொல்லை மறந்துவிட்டுக் கால்மணி நேரம் போராடினார். அந்தக் கால்மணி நேரமும் இவர் சுவரை நோக்கி அமர்ந்தபடியே, "பெரிய எழுத்து விழுந்துடுச்சானு பாருங்க சார்… கல்யாண நாள் போட்டுப் பாத்தீங்களா?… எனக்குச் சொல்லாதீங்க, மனசுக்குள்ள நெனச்சுப் பாருங்க" என்று உதவிக்கொண்டிருந்தார்.

திருவண்ணாமலைக்கு வெளியே, செங்கம் சாலையில் அமைந்த ஒரு தனியார் கலைக் கல்லூரிக்கு நான் அப்போது முதல்வர். அவர் கணினிப் பொறுப்பாளர். நாற்பது வயதைக் கடந்த பெண்மணி. கீழ்பென்னாத்தூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருவார். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. பிறர் விவரங்களை எப்படிக் காத்தாரோ அப்படியே தம் விவரங்களையும் காத்தார். எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளருக்கு இது தீராத மனக்குறையாக இருந்தது. கண்காணிப்பாளர் நல்ல மனிதர். கல்லூரியில் யார் வீட்டில் காதுகுத்து, யார் மாமியாருக்கு முழங்கால் வலி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதைத் தெரிந்துகொள்வதைத் தம் அன்பின் கடமையாகவே கருதினார்.

"ஏம்மா, உங்களுக்கு எத்தன பசங்க?" என்று அவர் கேட்பார்.

"இருக்காங்க சார்."

"இருக்காங்கன்னு தெரியுது. எத்தன பேரு?"

"ஸ்கூலுக்குப் போறாங்க சார்."

"ஸ்கூலுக்குப் போறதுல எத்தன பேரு?"

"லீவு நாள்ல யாரும் போகமாட்டாங்க சார்."

ஆறு ஆண்டுகள் இந்த உரையாடல் நடந்தது. எண்ணிக்கை வெளிவரவில்லை.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர் தம் குணத்தைக் காட்டிவிட்டார். அலுவலக மென்பொருளை நிறுவிய காலத்தில் கல்லூரிக்கென்று பொதுவான கணக்கு எதுவும் ஏற்படுத்தப்படவில்லை. எழுத்தர்கள் அவரவர் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்து அதைத் திறந்து பயன்படுத்திவந்தனர். அதனால் எந்தக் கோப்பைத் திறந்தாலும் திரையின் வலது மேல் மூலையில் அவர்களுடைய முழுப்பெயரும் வட்டத்துக்குள் அவர்கள் படமும் வந்து நிற்கும். அதன்மேல் சுட்டியைக் கொண்டுபோனால் முகவரியும் விரியும். சான்றிதழ் வழங்கும் எழுத்தர் ஓர் இளம்பெண். அவருடைய திரை வெளியிலிருந்து பார்க்கும் வகையில் திரும்பியிருந்தது. மாணவர் ஒருவரின் தந்தை, மிகவும் மரியாதையானவர், காத்திருந்த நேரத்தில் அந்த முகவரியைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணுக்குத் தினமும் விடியலில் ஒரு ரோஜாப்பூவின் படமும் காலை வணக்கமும் வரத் தொடங்கின.

"தப்பா ஒன்னும் எழுதல மேடம். பூதான்" என்று அந்தப் பெண் இவரிடம் சொன்னாராம். "ஆனா நாலு மாசமா பூ."

அன்று மாலைக்குள் பதினொரு கணினிகளிலும் வலது மூலை வெறுமையாகிவிட்டது. நான் காரணம் கேட்டபோது, அவர் ஒரு கேள்வியைத்தான் விடையாகத் தந்தார்.

"சர்டிபிகேட் வாங்க வந்தவருக்கு சர்டிபிகேட்டு தேவை சார். அந்தப் பொண்ணு பேரு யாருக்குத் தேவை?"

'யாருக்குத் தேவை' என்பது அவர் அடிக்கடி கேட்கும் கேள்வி. விடுப்புக் கடிதத்தில் 'வயிற்றுப்போக்கு' என்று எழுதியிருந்தவரிடம் அதைக் கேட்டு 'உடல்நலக் குறைவு' என்று மாற்றவைத்தார். மதிப்பெண் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போன துறைத்தலைவரிடம் கேட்டு, பெயர்களுக்குப் பதில் எண்களை இடச் செய்தார். அவர் பெயரை நான் இங்கே எழுதாததற்கும் அந்தக் கேள்வியே காரணம்.

எனக்கு அவர்மீது ஒருமுறை கடுமையான சினம் எழுந்ததுண்டு. என்னைக் குறைகூறும் பெயரில்லாக் கடிதம் ஒன்று, கணினிக் கோப்பாக, கல்லூரி நிர்வாகத்துக்குச் சென்றது. நிர்வாகத்தார் அதை எனக்கே திருப்பி அனுப்பி விளக்கம் கேட்டார்கள். நான் கல்வெட்டுகளில் ஆய்வு செய்தவன். ஓர் ஆவணம் தன்னை எழுதியவரைப் பற்றி ஏதேனும் ஓரிடத்தில் சொல்லாமல் இராது என்று முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தவன். கோப்புகளுக்குள் எழுதியவரின் பெயர் பதிவாகும் என்பதையும் அறிந்திருந்தேன். கணினிப் பொறுப்பாளரை அழைத்துப் பார்க்கச் சொன்னேன்.

அவர் கோப்பின் விவரப் பகுதியைத் திறந்து என்னிடம் காட்டினார். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

"சேமிக்கும்போதே பேரு போயிடற மாதிரி வெச்சிருக்கேன் சார். எல்லா மெஷின்லயும்."

"யார் எழுதியது என்று உங்களுக்குத் தெரியுமா?" பணியிடத்தில் நான் இப்படித்தான் பேசுவேன், சினம் வந்தால் இன்னும் இலக்கணமாகப் பேசுவேன்.

"அதுல என்ன சார் எழுதியிருக்காங்க?"

"மகளிர் கழிவறையில் தண்ணீர் வருவதில்லை என்றும், முதல்வருக்குச் சோழர் காலத்து ஏரிகளைப் பற்றித்தான் கவலை என்றும் எழுதியிருக்கிறார்கள்."

"தண்ணி வருதா சார்?"

நான் எழுந்து சென்று பார்த்தேன். வரவில்லை. குழாய்ப் பணி முடிய ஒரு வாரம் ஆயிற்று. நிர்வாகத்துக்கு நான் அனுப்பிய விளக்கம் ஒற்றை வரி. அந்த ஏரி வாக்கியத்தை எழுதியவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நன்றாக எழுதியிருந்தார் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இனிச் சொல்லவிருப்பது என் மனைவியைப் பற்றியதும்கூட. அவள் இந்த ஊர் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் அடிவாங்கியவர்கள். மீதிப் பேர் அவர்களின் பெற்றோர். ஓர் ஆடி மாதத்தில் அவளுக்குப் புற்றுநோய் என்று முடிவாயிற்று. மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியிலேயே அவள் விதித்த விதி ஒன்றுதான். எங்கள் மகளையும் என்னையும் தவிர வேறு எவருக்கும் தெரியக் கூடாது.

"சாத்துக்குடி வாங்கினு வந்து தலையச் சாய்ச்சுப் பாக்கற மூஞ்சிங்கள என்னால பாக்க முடியாது" என்றாள். "இருக்கற நாள்ல நான் டீச்சராவே இருந்துட்டுப் போறேன். அடி அண்ணாமலை வரைக்கும் நடந்தாலே பத்து பேரு நின்னு விசாரிப்பாங்க. அதுக்கு வியாதியே தேவல."

நான் உறுதியளித்தேன். பிறகு, என் அசட்டையினால், அந்த உறுதியை ஒரு புரட்டாசி மாதப் பிற்பகலில் முறித்துவிட இருந்தேன்.

என் அலுவலக மடிக்கணினி பழுதாகிப் புதியது வராததால் அந்த நாட்களில் வீட்டிலிருந்ததையே எடுத்துச் சென்றுவந்தேன். வீட்டுக் கணினியில் எல்லாம் என் மனைவியின் கணக்கு; எங்கள் இருவரில் அந்தக் கருவியை அறிந்தவள் அவள்தான். கல்விக்குழுக் கூட்டம். பதினான்கு துறைத்தலைவர்கள். போண்டாத் தட்டு ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய்க்கொண்டிருந்தது. படவீழ்த்தியின் கம்பியை இணைத்துவிட்டுக் கணினிப் பொறுப்பாளர் நகர்ந்தார். நான் மென்பொருளைத் திறந்தேன். பின்சுவர் முழுக்க ஒளி பரவியது. வலது மூலையில் கறுப்புக் கண்ணாடி அணிந்த என் மனைவியின் படம், அவள் பெயர். அதன் கீழே, அண்மையில் திறந்த கோப்புகளின் வரிசை. முதல் வரி: 'மூன்றாம் கீமோ – டாக்டரிடம் கேட்க வேண்டியவை.'

நான் அசையவில்லை. அசைய முடியவில்லை என்பதே உண்மை. அவர் அசைந்தார். ஒரே எட்டில் படவீழ்த்திக்கும் சுவருக்கும் நடுவே போய், எங்களுக்கு முகம் காட்டாமல் நின்றுகொண்டார். எழுத்துகள் எல்லாம் அவர் முதுகில் விழுந்தன. நீலப் பருத்திப் புடவையின் மடிப்புகளில் ஒரு சொல்லும் முழுதாக நிற்கவில்லை.

"பல்பு சூடாயிடுச்சு சார். ரெண்டு நிமிஷம் அணைச்சு வெக்கணும்."

"இப்பத்தானே போட்டீங்க?" என்றார் கண்காணிப்பாளர், போண்டாவோடு.

"அதான் சார் சூடாயிடுச்சு. சட்னி அந்தப் பக்கம் இருக்குது பாருங்க."

எல்லாரும் சட்னியைப் பார்த்தார்கள். அவர் கையைப் பின்னால் நீட்டிப் படவீழ்த்தியின் கண்ணாடிக்கு மூடியைப் போட்டுவிட்டார். அன்று கூட்டம் படங்கள் ஏதுமின்றி நடந்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரமும் முடிந்தது.

மறுநாள் என் அறைக்கு வந்து, "லேப்டாப்ப ஒரு மணி நேரம் குடுங்க சார்" என்றார்.

"நேற்று நீங்கள் அதைப் படித்தீர்களா?"

"என் முதுகுல விழுந்துச்சு சார். முதுகுக்குப் படிக்கத் தெரியாது."

அந்தப் பேச்சை நாங்கள் பிறகு ஒருபோதும் எடுக்கவில்லை.

என் எதிரில் அமர்ந்தே அவர் வேலையைச் செய்தார். கணக்கிலிருந்து வெளியேறிவிட்டால் போதாதா என்று கேட்டேன். வெளியேறினால் மனைவியின் கோப்புகளும் அவளுக்கு எட்டாமல் போகும் என்றார். "அழிக்கறது வேற சார், மறைக்கறது வேற. மேடத்துக்கு எல்லாம் இருக்கணும். மத்தவங்களுக்கு இல்லாம இருக்கணும். இதுக்கு வெளிய பொத்தான் எதுவும் கிடையாது, அடியில எறங்கணும்." கணினியின் எல்லா அமைப்புகளும் வரிசைவரிசையாக எழுதப்பட்ட ஒரு பதிவேடு அதன் அடியில் இருக்கிறது. முதலில் அந்தப் பதிவேட்டைப் படியெடுத்துத் தனியே வைத்தார்; கைதவறினால் பழைய நிலைக்குத் திரும்புவதற்கு. பிறகு ஒரு வரியைத் தேடிப்பிடித்து, பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று என இட்டார். இன்னொரு வரியில் அண்மைக் கோப்புகளின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினார். உள்நுழையும் திரையில் மின்னஞ்சல் தெரியாதபடி செய்தார். கணினியை அணைத்து, மீண்டும் உயிர்ப்பித்து, மென்பொருளைத் திறந்தார்.

வலது மூலையில் எதுவும் இல்லை. கோப்பு வரிசை இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. கணக்கு மட்டும் உள்ளே எப்போதும்போல் வேலை செய்துகொண்டிருந்தது.

"அப்டேட் வந்தா சில சமயம் பழையபடி ஆயிடும். திங்கக்கெழம திங்கக்கெழம நான் வந்து பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொண்டார். ஒரு திங்கட்கிழமை நான் என் அறைக் கதவைத் திறக்கும் முன்பே வராந்தாவில் நின்றிருந்தார். முந்திய இரவு புதுப்பிப்பு வந்திருக்கிறது என்று எங்கோ படித்திருக்கிறார். மூலை மீண்டும் நிரம்பியிருந்தது. கண்காணிப்பாளர் வந்து வணக்கம் சொல்வதற்குள் அதைக் காலிசெய்துவிட்டார்.

நடந்ததை நான் என் மனைவியிடம் சொல்ல வேண்டியிருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "அந்தப் பொண்ண வீட்டுக்குக் கூட்டினு வாங்க" என்றாள். அவர் வந்தார். சாத்துக்குடி கொண்டுவரவில்லை. உடம்பைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. தம் இரண்டாம் பேருந்தில் தினமும் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் நடக்கும் சண்டையை நடித்துக்காட்டினார். என் மனைவி தேநீர் சிந்துமளவுக்குச் சிரித்தாள். அதன்பின் மாதம் இருமுறை வந்துபோவது வழக்கமாயிற்று.

மறைப்பதில் இவ்வளவு தேர்ந்தவர், பொய் சொல்வதில் மிகவும் மோசமானவர் என்பது ஆயுதபூஜையன்று தெரிந்தது. என் மனைவி ஆண்டுதோறும்போல அன்றும் கல்லூரிக்கு வந்தாள். சிகிச்சையில் முடி உதிர்ந்துவிட்டதால் விக் அணிந்திருந்தாள். எங்கள் மகள் சென்னையில் தேர்ந்தெடுத்தது, அளவுக்கு மீறி அழகானது. கண்காணிப்பாளரின் மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடி இப்ப நல்லா அடர்த்தியா ஆயிடுச்சே மேடம். என்ன எண்ணெய் போடறீங்க?"

என் மனைவி வாயைத் திறக்குமுன் இவர் நடுவில் புகுந்தார். "மல்லாட்ட எண்ணெய்ங்க. எங்க ஊரு செக்குல ஆட்டினது. நான்தான் குடுத்தேன்."

"தலைக்கா? மல்லாட்ட எண்ணெயா?"

"ஆமாங்க. கம்மியாத் தேய்ச்சாப் போதும்."

"அப்ப எனக்கும் ஒரு லிட்டர் வாங்கினு வாங்க."

மறுவாரத்துக்குள் நான்கு பெண்கள் கேட்டுவிட்டார்கள். பிறகு எட்டு மாதம் அவர் கீழ்பென்னாத்தூரிலிருந்து கடலை எண்ணெய்ப் புட்டிகளைப் பையில் சுமந்துகொண்டு இரண்டு பேருந்து மாறி வந்தார். கண்காணிப்பாளரின் மனைவிக்கு முடி உண்மையாகவே வளர்ந்ததாகக் கேள்வி. என் மனைவி இதை நினைத்து நினைத்துச் சிரித்தாள். "வேதியியல்படி இதுக்கு வாய்ப்பே இல்ல" என்பாள்.

அவள் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நான் ஓய்வுபெற்ற அதே ஆண்டில் அவரும் கல்லூரியை விட்டுப் போனார். எங்கே என்று கண்காணிப்பாளருக்கே தெரியவில்லை. அதில் அவருக்குள்ள வருத்தம் சிறிதல்ல.

நான் சொல்ல விரும்புவது அந்த ஆயுதபூஜைக்குப் பின் வந்த பொங்கல் விழாவை. எங்கள் கல்லூரியில் பொங்கல் விழாவின் பெரிய நிகழ்ச்சி அடுப்பில்லாச் சமையல் போட்டி. அவல், பழம், துருவிய காய், முளைகட்டிய பயறு என்று நெருப்பு தொடாத பண்டங்களை மாணவியர் செய்துவைப்பார்கள். ஒன்பது ஆண்டுகளாக நடுவர் என் மனைவி. அரை மதிப்பெண்ணைக்கூட இனாமாகத் தராதவள் என்பதால், அவளிடம் பரிசு பெறுவது ஒரு பெருமை. ஆனால் அந்த ஆண்டு அவளுக்கு வேகாத காயும் வெட்டிய பழமும் வெளியுணவும் அறவே கூடாதென்று மருத்துவர் தடுத்திருந்தார். நாக்கிலும் எல்லாமே இரும்பாக ருசித்தது. போகாமலிருந்தால் ஏன் என்ற கேள்வி எழும். கேள்வியைக் கண்காணிப்பாளர் கேட்பார். மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். போய் உண்ணாமல் இருந்தாலும் அதே கதி. அவள் இரண்டு நாள் பேசாமலே இருந்தாள். நோய் உறுதியானபோதுகூட அப்படி இருந்ததில்லை.

கணினிப் பொறுப்பாளர் ஒரு சுற்றறிக்கையின் வரைவோடு என் அறைக்கு வந்தார். நடுநிலை கருதி இவ்வாண்டு தட்டுகளில் பெயரிருக்காது, எண் மட்டுமே இருக்கும். மதிப்பீடு திரைக்குப் பின்னால் நடைபெறும். நடுவருக்கு உதவியாகக் கணினிப் பொறுப்பாளர் உடனிருப்பார். நான் கையொப்பமிட்டேன்.

"ஏம்மா, அப்ப போன வருஷம் வரைக்கும் மேடம் நடுநிலையா இல்லியா?" என்றார் கண்காணிப்பாளர். அவர் மகளும் அந்த ஆண்டு போட்டியில் இருந்தாள்.

"இருந்தாங்க சார். இந்த வருஷம் இன்னும் ஜாஸ்தியா இருக்கப்போறாங்க."

திரைக்குப் பின்னால் நானும் இருந்தேன். முதல்வருக்கு இடம் கிடையாதென்று சுற்றறிக்கை சொல்லவில்லை. இருபத்து மூன்று தட்டுகள். என் மனைவி தாளும் பேனாவுமாக நிமிர்ந்து அமர்ந்தாள். அவர் முதல் தட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து உண்டார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு மேடம்."

இரண்டாவது தட்டும் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவதும். நான்காவதில் என் மனைவி பேனாவைக் கீழே வைத்தாள்.

"எல்லாமே நல்லாருந்தா நான் எதுக்கு? புளிப்பு எவ்ளோ, உப்பு எவ்ளோ, பயறு முழுசா முளைச்சிருக்கா, வாயில என்ன மிஞ்சுது, எல்லாம் சொல்லு. இங்க ஒன்னும் மறைக்கக் கூடாது."

அவர் திணறிப்போனார். உள்ளதைச் சொல்வது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. ஐந்தாவது தட்டில் முகம் சற்றுச் சுளித்தது. அதை என் மனைவி விடவில்லை. ஏழாவதில் "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். பத்தாவதில் வேகம் பிடித்தது. பதிமூன்றாவதை வாயிலிட்டவர் தம்மை மறந்து, "ஐயோ, இது எங்க ரெண்டாவது பொண்ணு கலக்கி வெக்கற கண்றாவி மாதிரியே இருக்குது மேடம்" என்றார்.

நாங்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். அவர் கரண்டியோடு உறைந்துபோனார்.

"ஆக, ரெண்டு" என்றாள் என் மனைவி.

"மேடம்."

"மூணாவது இருக்கா?"

"மேடம், பதினாலாவது தட்டு."

அந்த எண்ணை நாங்கள் கண்காணிப்பாளருக்குச் சொல்லவே இல்லை.

பரிசு அறிவிக்கப்பட்டது. விடுதி மாணவி ஒருத்தி செய்த மாங்காய் அவல் முதலாவது வந்தது. சுவைத்துச் சொன்னவருக்குப் புளிப்பென்றால் உயிர் என்பதை நாங்கள் முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டும். கண்காணிப்பாளர் மகளின் பேரீச்சை லட்டுக்கு ஐந்து மதிப்பெண் குறைந்திருந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் கண்காணிப்பாளர் மேடைக்குப் பக்கவாட்டில் வந்துவிட்டார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. லட்டுல இனிப்பு ஜாஸ்தின்னு எழுதியிருக்கீங்க. லட்டுல இனிப்பு ஜாஸ்தியா இல்லாம காரமா ஜாஸ்தியா இருக்கும்?"

"எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்கு சார்."

"எம் பொண்ணு ரெண்டு நாள் தூங்கல மேடம் இதுக்காக."

"தூங்காம செஞ்சதாலதான் அளவு தப்பிப்போச்சு."

"கேக்கறேன்னு கோச்சுக்காதீங்க. நீங்க சாப்புட்டுப் பாத்துத்தான் போட்டீங்களா?"

பக்கத்தில் நின்ற கணினிப் பொறுப்பாளர், திரைக்குப் பின்னாலிருந்து பதினேழாம் எண் தட்டை எடுத்துவந்து நீட்டினார். அதில் ஒரு துணுக்கும் இல்லை.

கண்காணிப்பாளருக்குச் சினம் இரட்டிப்பாயிற்று. "அஞ்சு லட்டும் காலி. காலி பண்ணிட்டு அஞ்சு மார்க்கு கம்மியா?"

"காலி பண்ணது பசி சார். மார்க்கு போட்டது நாக்கு" என்றாள் என் மனைவி.

கால்மணி நேரம் நடந்தது அந்தச் சண்டை. கண்காணிப்பாளர் குரலை உயர்த்தினார், அவளும் உயர்த்தினாள். அவர் போன ஆண்டு முடிவுகளைத் தோண்டினார். அவள் அவர் மகளின் பத்தாம் வகுப்பு வேதியியல் மதிப்பெண்ணைத் தோண்டினாள். அவள் முகம் சிவந்து, கண் மின்னி, விரல் நீண்டு, வகுப்பறையில் நின்ற காலத்தைப் போலவே ஆகிவிட்டாள். கடைசியில் அவர், "உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது மேடம், அடுத்த வருஷம் பாத்துக்கறேன்" என்று கோபமாகப் போய்விட்டார்.

காரை நான் ஓட்டினேன், என் மனைவி பக்கத்தில், பின்னிருக்கையில் கணினிப் பொறுப்பாளர். அவரைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு நாங்கள் வேட்டவலம் சாலையிலுள்ள வீட்டுக்குச் செல்ல வேண்டும். இருபத்து மூன்று தட்டுகளின் சுமையோடு அவர் அசையாமல் சாய்ந்திருந்தார். என் மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தன மாசமாச்சு, ஒரு ஆளு என்கிட்ட இப்பிடி சண்ட போட்டு. நல்லாருந்துச்சு." சற்றுப் பொறுத்து என் பக்கம் திரும்பினாள். "நீங்ககூட நிறுத்திட்டீங்க. ஆடிலேர்ந்து நான் என்ன சொன்னாலும் சரி, சரின்றீங்க. போன மாசம் சாம்பார்ல வேணும்னே உப்ப அள்ளிக் கொட்டினேன். நல்லாருக்குன்னு ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டீங்க."

அது உண்மை. எனக்கு அன்று இரவு முழுதும் தாகம் எடுத்தது. ஊருக்கெல்லாம் மறைத்துவிட்டோம் என்று எண்ணியிருந்தேன். அவள் பார்க்க விரும்பாத அந்தச் சாய்ந்த முகம் ஆறு மாதமாக அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சாலையையே பார்த்தபடி சிறிது தூரம் ஓட்டினேன்.

"அந்த லட்டுக்கு அஞ்சு மார்க் குறைச்சது அநியாயம்" என்றேன்.

"என்னது?"

"அநியாயம்னு சொன்னேன். அவர் கேட்டதுல தப்பே இல்ல. எந்த அடிப்படையில குறைச்ச நீ? ஒரு முறையே இல்ல."

"உங்களுக்கு என்ன தெரியும்? கல்வெட்டு படிக்கிறவருக்கு லட்டு என்ன தெரியும்? ஆயிரம் வருஷத்துக்கு முன்னால எவனோ கோயிலுக்கு ஆடு குடுத்தான்னு…"

"சார், இங்கயே ஓரமா நிறுத்துங்க" என்றது பின்னிருக்கை.

செங்கம் சாலையிலுள்ள ஆசிரமத்தைத் தாண்டிக்கூட வரவில்லை. நிறுத்தினேன். "பஸ் ஸ்டாண்டு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கே அம்மா."

"இருக்கட்டும் சார். ஷேர் ஆட்டோ வரும். நீங்க நடுவுல விட்டுடாதீங்க."

இறங்கி, கதவை மெல்லச் சாத்திவிட்டு, எங்கள் பக்கம் பாராமல் எதிர்ச்சாலைக்குக் கடந்துபோனார். நான் வண்டியை எடுத்தேன்.

"எங்க விட்டேன்?" என்றாள் என் மனைவி.

"ஆடு" என்றேன்.